கதவில் தொங்கிய அட்டை

வெள்ளரி இலையை எப்போதும் திருப்பித்தான் பார்க்க வேண்டும், ஐயா. மேலே பளபளவென்று இருக்கும். அசுவினிப் பூச்சிக் கூட்டம் அடியில் அப்பிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எட்டுக் கொடியையும் உங்கள் போலீஸ் ஆட்கள் மேலாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று நீங்கள் படிக்கக் கொடுத்த அறிக்கைக்காகத்தான் வந்திருக்கிறேன். 'பூச்சிமருந்தைக் கவனக்குறைவாகச் சமையலறையில் வைத்திருந்ததால் அது உணவில் கலந்து அண்ணன் இறந்திருக்கலாம்.' கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அண்ணன் உடம்பில் ஒரு சொட்டு மருந்துகூட இருக்காது. பரிசோதனை முடிவு வரட்டும், பாருங்கள். அது செடிக்கான மருந்து. தெளித்தால் இலைக்குள் இறங்கி, சாறோடு சாறாகக் கொடி முழுக்க ஓடும். சாறு உறிஞ்சுகிற பூச்சியை மட்டும்தான் பிடிக்கும். அதே இலையில் நடக்கும் பொறிவண்டை ஒன்றும் செய்யாது. இன்னொரு விஷயம், அசுவினி உடனே சாகாது. கொஞ்ச நேரத்தில் உறிஞ்சுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே உயிரோடு உட்கார்ந்திருக்கும். சில நாளில் பட்டினியில் உதிரும். தெரியாதவன் மறுநாள் வந்து, மருந்து வேலை செய்யவில்லை என்று திட்டுவான்.

இருபது வருடம் அண்ணனும் நானும் பசுமைக்குடில் வைத்திருந்தோம். அறுவடை அவர் பொறுப்பு, மருந்து என் பொறுப்பு. தெளித்து முடித்ததும் கதவில் ஓர் அட்டை மாட்டுவேன். எந்தத் தேதிவரை காய் பறிக்கக் கூடாது என்று சிவப்புப் பென்சிலில் எழுதியிருக்கும். அட்டை தொங்கினால் அண்ணனே ஆனாலும் உள்ளே கூடை போகாது. அதுதான் எங்கள் சட்டம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை, தெளித்த நான்காம் நாளே காய் லாரி ஏறிவிட்டது. சோதனையில் மருந்து மிச்சம் இருப்பது தெரிந்து, முழு லோடும் குப்பைக்குப் போனது. அதிகாரி எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அட்டை இல்லையேடா. நீ மாட்டவே இல்ல. மறந்துட்ட."

அண்ணன் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன், ஐயா. அங்கேதான் நான் செத்தேன். மருந்து தெளிக்கும் என் உரிமத்தைப் பிடுங்கினார்கள். பேர் 'மறதி' என்றே ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அண்ணன் மகன், "சித்தப்பா, கேஸ் அடுப்ப அணைச்சீங்களா? எதுக்கும் ஒருதடவை பாத்துட்டு வந்துடுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஆறு வருடமும் ஒரே கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. வலது பக்கம் அசையாது. இடது கை மட்டும் ஆடும். மகன் கொண்டுவந்து என் வீட்டில் விட்டான். "உங்கள விட்டா அப்பாவுக்கு யாரு சித்தப்பா?" என்றான். மறுக்கவில்லை. கெட்டியாகச் சூப் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கரண்டியால் ஊட்டினேன். ஒரு வேளை தவறியதில்லை. வேண்டுமானால் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள்.

குளிர் அதிகமான ஒரு காலையில், ஸ்வெட்டர் தேடி அவர் பையைத் திறந்தேன். உள்ளறையில், துணிக்கு அடியில், அந்த அட்டை இருந்தது. அதே தேதி. சிவப்புப் பென்சில். சணல் கயிறுகூட அறுக்கப்படாமல் அப்படியே இருந்தது. நான் எப்போதும் இரட்டை முடிச்சுத்தான் போடுவேன், தானாக அவிழாது.

லாரி வாசலில் நின்றதும் அவரே அதைக் கழற்றியிருக்கிறார். அதிகாரியின் முன்னால் நான் தலைகுனிந்து நின்றபோது அது அவர் சட்டைக்குள் இருந்திருக்கும். வெளி ஆள் செய்திருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். இவர் கூடப் பிறந்தவர்.

கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஐந்து நாள் தள்ளி ஒரு தேதி எழுதி, அவர் அறைக் கதவில் மாட்டினேன். உங்கள் ஆள் அதைப் படம்கூட எடுத்தார். அது என்ன தேதி என்று ஒருவரும் கேட்கவில்லை.

கரண்டியை மட்டும் நிறுத்தினேன். தண்ணீரையும்தான். மற்றபடி ஒரு குறையும் வைக்கவில்லை. துடைத்தேன், துணி மாற்றினேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்தேன். சூப்பும் நேரத்துக்கு வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் குடித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்டார். "அதுவரைக்கும் யாரும் தொந்தரவு பண்ண வேணாம்னு போட்டிருக்கேன்க்கா" என்றேன். "உன்ன மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

எழுதிய தேதியில்தான் போனார். ஒரு நாள் முன்னே பின்னே இல்லை. அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. மற்றதையெல்லாம் உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எனக்கு அவர்மேல் இப்போது கோபம் இல்லை. இரண்டாம் நாளிலிருந்தே அவர் இடது கையைத் தூக்கித் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார். பேச வராதவர் வேறு எப்படி மன்னிப்புக் கேட்பார்? "பரவால்லண்ணே, விடு" என்று கையைப் பிடித்துக் கீழே இறக்கி வைத்தேன். கடைசி நாள்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் மன்னித்தேன்.