ஆப்பிரிக்கத் தலைவரும் தண்ணீர் மோட்டாரும்

தின்கன்ஜூன் நிறுத்தத்தில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் ஒரு கடைக்காரப் பாயும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ரேடியோவுல ஒரு ஆப்பிரிக்கத் தலைவர் அழாத குறையாப் பேசுனார், சார். எல்லா நாடும் சமம்னு சொன்ன காலமெல்லாம் மலையேறிப் போச்சாம்.”

“ஏனாம், பாய்?”

“பெரிய நாடு ஒண்ணு வேணாம்னா போதும், மத்தவங்க கூடி எடுத்த முடிவு செல்லாதாம்.”

“அநியாயமா இருக்கே! கேக்க ஆள் இல்லையா?”

“அதான் நான் கேக்குறேன். நம்ம கட்டடத்துல ஆறு வீடும் கூடித்தானே விடியக்காலையில தண்ணி மோட்டார் போடணும்னு முடிவெடுத்தோம்? சாவியை வச்சிக்கிட்டு நீங்க ஏன் போட மாட்டேங்கிறீங்க?”

“அந்தச் சத்தத்துல தூக்கம் போகுது, பாய்.”

“ஒரு வாரமா நாங்க யாரும் குளிக்கல, சார்!”

பக்கத்தில் நின்ற பெண்மணி சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

பசுந்தாங் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது குமாஸ்தா லுங்கி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

“ஆப்பிரிக்காவுக்காகத் தர்றேன், பாய். உங்களுக்காக இல்ல.”