ஆட்சேபணை இல்லை என்று நான் சொன்ன உறை

மார்லிஸ் ஓவர்கார்ட், வயது 61, காலஞ்சென்ற டேல் ஓவர்கார்டின் மனைவி, ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், எண் 4417, கிரீமரி சாலை, எல்லரி ஊர், விஸ்கான்சின் மாநிலம் என்ற முகவரியில் முப்பத்து நான்கு வருடமாகக் குடியிருந்துவரும் நான், நவம்பர் 23 திங்கட்கிழமை காலை 9.40 மணிக்கு மாவட்ட ஷெரீஃப் அலுவலகத்தில், விசாரணை அதிகாரி திருமதி ரெனே ஷோல்மையர் முன்பாக, வக்கீல் வேண்டாம் என்று சொல்லி, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

எங்கள் தொகுதியில் இருபத்திரண்டு வருடம் காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் இந்த முறை நிற்கவில்லை. கிழக்குப் பாதி நகரத்தை ஒட்டிய புதுக் குடியிருப்புகள், மேற்குப் பாதி சோளமும் மாடுமாக நாங்கள். இடம் காலியானதும் இரண்டு கட்சிக்கும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. நான் ஜனெல் ஹூபர்ட்டி அம்மையாருக்காக ஜூன் மாதத்திலிருந்து வீடு வீடாகப் போய்வந்தேன். எதிர்த்து நின்றவர் கிரெய்க் ஸ்டெனரூட். எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைக் கட்சியின் செயலி என் கைப்பேசியில் தினமும் காலை ஏழு மணிக்குக் காட்டும். இருபத்தேழு வருடம் பேருந்து ஓட்டியதில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை எனக்கே தெரியும், ஆனாலும் செயலி சொன்னபடிதான் போனேன்.

அக்டோபர் 22 வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வெர்னன் கிளூஸ்னர் என்பவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வயது 79, மாடுகளை விற்றுவிட்ட பால் பண்ணைக்காரர், பிறந்ததிலிருந்து எதிர்க்கட்சி. கணையத்தில் புற்று. கூடத்து ஜன்னலை ஒட்டி வாடகைக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மனைவி டார்லீன் அம்மாள் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் வெர்ன், "வாம்மா எதிர்க்கட்சிக்காரி, சாகக் கிடக்கறவனைக்கூட விடமாட்டீங்களா?" என்றார். நான், "டார்லீன் சுட்ட பூசணிக்காய்ப் பலகாரத்தைத்தான் விடமாட்டேன், உங்க ஓட்டு எனக்கெதுக்கு?" என்றேன்.

அதன் பின்னர் அவர் தனக்கு அஞ்சலில் வந்திருந்த வாக்குச்சீட்டை எடுக்கச் சொன்னார். எங்கள் மாநிலத்தில் வீட்டிலிருந்து வாக்களிப்பவர் உறைமேல் கையெழுத்துப் போட வேண்டும், கூட ஒருவர் சாட்சிக் கையெழுத்தும் முகவரியும் எழுத வேண்டும். டார்லீன் பேனாவை எடுத்தார். வெர்ன் வேண்டாம் என்று தலையாட்டினார். "நீ போட்டா புருஷனுக்குப் பொண்டாட்டி சாட்சின்னு சொல்லுவானுங்க. மார்லிஸ் போடட்டும். எதிர்க்கட்சிக்காரி போட்ட சாட்சியை எவன் குறை சொல்லுவான்?"

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகக் காலியான மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றேன். டார்லீன் ஒரு ரொட்டிப் பலகையைச் சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். பேனா உரசுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது, நடுவில் இரண்டு தடவை நின்றது. முடித்ததும் வெர்ன் என்னைப் பார்த்து, "யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சுக்க உனக்கு உயிரே போகுது, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும்தான் போகுது, நான் ஏதாவது புலம்பறேனா?" என்றார். டார்லீன் "வெர்ன்!" என்று அதட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். நான் கிளம்பும்போது வெர்ன், "இந்தத் தடவை எங்காளு விளம்பரம் வந்தாக்கூட டிவியை அணைச்சிடறேன்" என்றார். அதைக் கேட்டு அவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். காருக்குள் உட்கார்ந்து கைதட்டினேன் என்பதையும் எழுதச் சொன்னேன்.

சாட்சி முகவரி என்ற இடத்தில் நான் எழுதியது "பழைய தோர்சன் வீடு, கிரீமரி தாண்டி" என்பதாகும். தோர்சன் குடும்பம் அந்த வீட்டை விட்டுப் போய் நாற்பது வருடம் ஆகிறது. ஆனாலும் எல்லரியில் என் வீட்டுக்கு வேறு பெயர் கிடையாது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயம் முடிந்ததும், கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு அடுப்பில் சுட்டு எடுத்துக்கொண்டு கிளூஸ்னர் வீட்டுக்குப் போனேன். டார்லீன் கதவருகிலேயே நின்றார். "ஆறு மணிக்குப் போயிட்டார், மார்லிஸ். டக் அலாஸ்காவிலேருந்து வந்து சேரணும். அவன் காதுல வேற யாராவது போட்டுட்டா எனக்குத் தாங்காது. புதன்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார். டக் என்பவர் மகன். நான் சத்தியம் செய்துகொடுத்தேன். பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், துணியால் மூடியிருந்த கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது சுடச்சுட இருந்தது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, அஞ்சல் வாக்கு உறைகளை வாங்கி வைக்கும் ஊர் எழுத்தர் பெவ் ஸாஸ்ட்ரோ போன் செய்து, முகவரியைச் சரியாக எழுதாவிட்டால் அந்த உறை செல்லாது என்று என்னை வரச் சொன்னார். எங்கள் ஊர் எழுத்தருக்குத் தனி அலுவலகம் கிடையாது, சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். அவர் உறையை என் முன்னால் வைத்தார். வெர்னின் கையெழுத்து சரிந்து போய், கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. தேர்தல் நாளுக்கு முன்பு இறந்தவரின் வாக்கு எங்கள் மாநிலத்தில் செல்லாது என்பது எனக்குத் தெரியும், பயிற்சி வகுப்பில் அதை எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெவ், "வெர்ன் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். நான், "இப்போ வலி எதுவும் இல்லை" என்றேன். டார்லீனுக்குக் கொடுத்த சத்தியம் நான் வைத்துக்கொண்ட சாக்கு. மனதில் இருந்தது எங்கள் கட்சிக்குக் கூடும் ஒரு ஓட்டு. அதன் பின்னர் முழு முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தேர்தல் நாளான செவ்வாயன்று உறை திறக்கப்பட்டுச் சீட்டு மற்றவற்றோடு கலந்துவிட்டது. வியாழக்கிழமை வந்த வாரப் பத்திரிகையில் இறந்த தேதி நவம்பர் 1 என்று அச்சாகியிருந்தது. ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெவ் அதைப் படித்தாரா என்பது எனக்குத் தெரியாது, ஊகித்துச் சொல்லவும் விரும்பவில்லை. சனிக்கிழமை அடக்கம் நடந்தது. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர் கோர்டன் டெஷ், ஓய்வு பெற்ற பால் லாரி ஓட்டுநர், என் பக்கத்துப் பண்ணைக்காரர், ஸ்டெனரூட் கட்சிக்காரர்.

முதல் எண்ணிக்கையில் ஹூபர்ட்டி அம்மையார் முப்பத்தொரு வாக்கில் முன்னால் நின்றார். மறு எண்ணிக்கை கேட்டார்கள். மற்ற மாவட்டங்கள் முடிந்து எங்கள் மாவட்டம் கடைசியாக மிஞ்சியது. நவம்பர் 20 வெள்ளிக்கிழமை எல்லரியின் அஞ்சல் வாக்கு உறைகள், மொத்தம் 212, நீதிமன்றக் கட்டடத்தில் மேசைக்கு வந்தன. எங்கள் கட்சிப் பார்வையாளராக நான் உட்கார்ந்தேன், எதிரே அவர்கள் கட்சிக்காக நாங்கள் கோர்டி என்று கூப்பிடும் கோர்டன் டெஷ். மறுநாள் மான் வேட்டை தொடங்குவதால் ஆரஞ்சுத் தொப்பியோடே வந்திருந்தார். ஊழியர் ஒவ்வொரு உறையாக எடுத்துப் பெயரைப் படிப்பார், இரண்டு பேரும் ஆட்சேபணை உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

மதியம் சுமார் மூன்று மணிக்கு "வெர்னன் கிளூஸ்னர்" என்று படித்தார். கோர்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தோளில் அந்தப் பெட்டியின் கனம் இன்னும் இருந்திருக்கும். "ஆட்சேபணை இல்லை" என்றார். அதன் பின்னர் நானும் "ஆட்சேபணை இல்லை" என்றேன். அந்த நேரத்தில் கோர்டிக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் வெர்ன் விதைக் கம்பெனித் தொப்பியோடு உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் கோர்டி என் கார்க் கண்ணாடியைத் தட்டி, "அவன் எங்காளு, மார்லிஸ். பொறந்ததுலேருந்து எங்காளு. உனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மனசு?" என்றார். செத்தவனை வைத்து நான் அவரை ஏமாற்றுவதாக நான் நினைத்திருந்தேன். அவர் என்னை ஏமாற்றுவதாக அவர் நினைத்திருந்தார்.

சனிக்கிழமை மாலை எண்ணிக்கை முடிந்தது. ஹூபர்ட்டி அம்மையார் ஒரே ஒரு வாக்கில் முன்னால் இருந்தார். கட்சி அலுவலகத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், எனக்கு யாரோ காகிதக் கிரீடம் வைத்துவிட்டார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. கட்சிக்காரர்கள் செயலியை நிறுத்த மறந்துவிட்டார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அது எனக்கு ஒரே பெயரைக் காட்டுகிறது: வெர்னன் கிளூஸ்னர், மறுபடி சந்திக்கவும். எனக்கு அது பயமாக இருக்கிறது. ஞாயிறு காலை கிரீமரி சாலையில் அவருடைய பச்சை வண்டி எதிரே வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது, இங்கே எல்லோரும் எதிரில் வருபவருக்கு வணக்கம் சொல்வது அப்படித்தான். ஓட்டியது மகன் டக். அந்த விரல் டக்குடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓரமாக நிறுத்தி வெகுநேரம் அழுதேன்.

அதன் பின்னர் நேராக டார்லீன் வீட்டுக்குப் போனேன். கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள், கம்பளத்தில் நான்கு குழிகள் இருந்தன. உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் முதலில் கேட்டது, "அந்தக் கவரைக் கிழிச்சிடுவாங்களா? அவர் கடைசியாப் போட்ட கையெழுத்து அது" என்பதுதான். கிழிக்க மாட்டார்கள், தனியாக எடுத்து வைப்பார்கள் என்றேன். அதன் பின்னர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "எதுக்குடி இப்போ இதெல்லாம்? அந்த இடத்துல அவர் ஒண்ணுமே போடல" என்றார். எனக்குப் புரியவில்லை. "காங்கிரஸ் இடத்துல காலியா விட்டுட்டார். அஞ்சு மாசமா டிவியில ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திருடன், திருடின்னதைப் படுத்துக்கிட்டே பார்த்தார். பேனாவை அங்க வெச்சார், எடுத்தார். மறுபடி வெச்சார், எடுத்தார். அதே சீட்டுல கேட்டிருந்த பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் குடுக்கறதுக்கு மட்டும் சரின்னு போட்டார். பலகையைப் பிடிச்சது நான், எனக்குத் தெரியாதா?" என்றார்.

இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். செல்லாத உறை ஒன்று உள்ளே போயிருந்தால், அது யாருடைய சீட்டு என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லரியின் 212 அஞ்சல் சீட்டுகளையும் ஒரு பெட்டியில் போட்டுக் கலக்குவார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைவிட்டு ஒன்றை எடுப்பார். எடுத்தது கழிக்கப்படும். வெர்னின் காலிச் சீட்டுக்குப் பதிலாக, உயிரோடிருக்கும் யாரோ ஒருவருடைய வாக்கு போகலாம், தேர்தலே சமனாகிச் சீட்டுக் குலுக்கலுக்கும் போகலாம். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று டார்லீன் சொன்னார். அவர் சொன்னது கணக்குக்குச் சரி. ஆனால் அது காலிச் சீட்டு என்பது எனக்கு நேற்றுதான் தெரியும். மறைத்தபோது எங்களுடையது என்று நினைத்துத்தான் மறைத்தேன்.

கோர்டன் டெஷ் இப்போது வெளியே நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் காரில்தான் வந்தார். உள்ளே வருவாரா என்பது அவர் விருப்பம், அவருக்காக நான் எதுவும் சொல்லவில்லை. டார்லீன் கிளூஸ்னரை இதில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டு எடுப்பது நாளைக் காலை பத்து மணிக்கு இருக்கும் என்று அதிகாரி சொல்கிறார். பார்வையாளராக என்னை அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயம்தான். நானும் இந்த முறை அஞ்சலில்தான் வாக்களித்தேன். என் சீட்டும் அதே பெட்டியில் இருக்கிறது. ஹூபர்ட்டி அம்மையாருக்காக ஐந்து மாதம் செருப்புத் தேய நடந்த நான், அந்தக் கையில் வருவது என்னுடையதாகவே இருக்கட்டும் என்று நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். மிரட்டலோ ஆசை வார்த்தையோ இல்லாமல் என் நினைவில் உள்ளதைச் சொன்னேன், சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, இதில் பொய் இல்லை. என் கையெழுத்துக்குக் கீழே முகவரியை முழுமையாக எழுதியிருக்கிறேன்.

(ஒப்பம்) மார்லிஸ் ஓவர்கார்ட்
எண் 4417, கிரீமரி சாலை, எல்லரி ஊர்

பதிவு செய்தவர்: ரெனே ஷோல்மையர், விசாரணை அதிகாரி. முடித்த நேரம் காலை 11.25.
சாட்சி: (ஒப்பம்) கோர்டன் டெஷ், எண் 4452, கிரீமரி சாலை, எல்லரி ஊர். தானே எழுந்து உள்ளே வந்து, தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டார்.