சின்னக் கார் கம்பெனியின் பெரிய கார்

ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். வண்ணார்பேட்டையில் எங்கள் ஷோரூமுக்கு எதிரே டீ என்ற பெயரில் ஊற்றிக் கொடுக்கும் வெந்நீருக்கு இது எவ்வளவோ மேல். உட்காரச் சொன்னதற்கும் நன்றி, வன்னியராஜ் சார். இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் இந்த மரியாதை தருவார்கள் என்று சொல்ல முடியாது.

என் பெயர் வைத்தி. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். காரையாறு மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து உவரி லியோன் செத்துப்போனாரே, அந்தக் காரை அவருக்கு விற்றவன் நான்தான். வண்டியில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று போன வாரம் கேட்டீர்கள். இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாகக் கம்பெனிக்காரர்களை இழுத்து அலைக்கழிக்க வேண்டாம். மற்றதைச் சொல்வதென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு அவசரமில்லையே?

கார் என்றால் இரண்டு ஜாதி, சார். ரகத்தைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று, போய்ச் சேருவதற்கு. இன்னொன்று, போய் இறங்குவதற்கு. எங்கள் கம்பெனி பிழைத்தது முதல் ரகத்தில். வாத்தியாருக்கு, பாங்க் கிளார்க்குக்கு, துபாயிலிருந்து திரும்பியவனுக்கு, எல்லோருக்கும் அதே தீப்பெட்டி மாதிரிச் சின்னக் கார். அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். இட்லிக் கடைக்காரன் இட்லி விற்கலாம். அவன் ஒருநாள் வெள்ளித் தட்டை வைத்துக்கொண்டு அரண்மனை விருந்து போடுகிறேன் என்று கிளம்பினால் நமக்குச் சிரிப்பு வருமா, வராதா?

கம்பெனி அப்படித்தான் பெரிய கார் செய்யக் கிளம்பியது. போன வருஷம் மதுரையில் ஒரு ஹோட்டலில் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். டை கட்டிய ஒரு பையன் மேடையேறி, “இனி சொகுசு எல்லோருக்கும்” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோருக்கும் கிடைத்தால் அதற்குப் பெயர் சொகுசு இல்லை, ரேஷன். இதைப் பக்கத்தில் இருந்த அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. சைக்கிள் டியூப் விற்று மேலே வந்த மனிதர், ஐஸ்கிரீமைக் கரண்டியால் தோண்டிக்கொண்டே, “வே வைத்தி, இனி பெரிய மனுசன்லாம் நம்ம கடைக்குத்தான் வரணும், பாத்துக்கிடும்” என்றார்.

பெரிய மனிதன் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். என் அப்பா ஒரு எஸ்டேட் துரையிடம் கணக்கு எழுதினார். துரையின் கார் அம்பாசமுத்திரம் ரோட்டில் வந்தால் புழுதிகூடத் தயங்கித்தான் எழும்பும். ஒருமுறை, துரை உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, அதன் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இன்றுவரை எல்லாக் கார்களையும் எடை போடுகிறேன். நான் வைத்திருப்பது ஒரு மொபெட். அதில் எனக்கு வெட்கமில்லை. என் தகுதி எனக்குத் தெரியும், அடுத்தவன் தகுதியும் தெரியும்.

பெரிய கார் லாரியில் வந்து இறங்கிய அன்று, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அதன் கதவை மூடிப் பார்த்தேன். தகரம் தட்டுகிற சத்தம் வரும் என்று நிச்சயமாக நம்பினேன். வரவில்லை. சத்தம் சரியாக இருந்தது. நாலைந்து தடவை மூடினேன், சரியாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தீப்பெட்டி செய்கிறவன் கையில் அந்தச் சத்தம் எப்படி வந்தது? வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். காரைச் செய்துவிடலாம், அதற்குரிய ஆளை எங்கிருந்து செய்வார்கள்? சொகுசு என்பது தகரத்தில் இல்லை, உட்காருகிற ஆளிடம் இருக்கிறது. சின்னக் கார் கம்பெனிக்கு வருகிற ஆள் சின்னக் கார் புத்தியோடுதான் வருவான். அந்தப் புத்தி ஒருநாள் அந்தக் காரை என்ன பாடு படுத்தும் என்று ஊர் பார்த்தால், கம்பெனி பழையபடி தன் தீப்பெட்டி வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

முதல் வண்டியைப் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர் எடுத்தார். இரண்டாவது லியோன்.

தூத்துக்குடியில் விசைப்படகுகள் விட்டுச் சம்பாதித்தவர். ஷோரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கார் சீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல. அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐயரே, மைலேஜ் எம்புட்டு குடுக்கும்?” கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. பர்மாத் தேக்கு நிறத்தில் டாஷ்போர்டு, குளிர்ந்த காற்று, சுண்டுவிரலால் திருப்பக்கூடிய பவர் ஸ்டியரிங், இவருக்கு மைலேஜ்.

யாருக்காக வாங்குகிறார் என்பதை நான் கேட்காமலே சொன்னார். “எம் பொண்டாட்டி தெரசாக்குத்தான் வே. இருவது வருசம் கருவாட்டுக் கூட சுமந்தவ. இப்ப முதுகு போயிட்டு. பழைய அம்பாசடர்ல குலுங்கினா அழுதுருதா. இனி அவ மெத்தையிலதான் போணும்.” கண் கலங்கியதுபோல இருந்தது. கருவாட்டுக் கூடைக்கும் சொகுசுக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. விற்கிறவன் கேட்கக் கூடாது.

இரண்டாம் தடவை வரும்போது பேப்பரில் சுற்றி ஒரு சீலா மீனைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் புரிந்ததும் லியோன் தலையில் அடித்துக்கொண்டு, “அடக் கடவுளே, மன்னிச்சிக்கிடும் ஐயரே, பிரியத்துல மறந்துட்டேன்” என்றார். மறுநாளே பெட்டி நிறையப் பனங்கற்கண்டு வந்தது. நல்ல மனிதர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மேஜையில் அந்த வாடை நாலு நாள் இருந்தது.

வண்டியைக் கொடுத்த அன்று அண்ணாச்சி நல்ல நேரம் பார்த்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். “எங்க அந்தோணியாருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சண்ட, வையும்” என்றார் லியோன். தெரசா பின் சீட்டில் ஏறி, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். மகள் ஜாய்சி, காலேஜில் படிக்கிற பெண், அவள் பக்கத்தில். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க லியோன் விடவில்லை. கடைசிவரை அது கிழிபடவில்லை என்று நினைக்கிறேன்.

வண்டியைக் கொடுக்கும்போது வாங்குபவருக்குச் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காகவே கம்பெனி என்னை மெட்ராஸுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. அதில் முக்கியமானது ஒன்று. உங்களுக்கே தெரியும், நம் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவன் எவனும் இறக்கத்தில் எஞ்சினை ஓட விட மாட்டான். மேட்டில் ஏறியதும் நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டியை அது பாட்டுக்கு உருள விடுவான். பெட்ரோல் மிச்சம். அம்பாசடரில் அது பெரிய ஆபத்தில்லை. இந்தக் காரில் பிரேக்குக்குப் பலம் கொடுப்பதே ஓடுகிற எஞ்சின்தான். அணைத்துவிட்டால் இரண்டு மிதிக்குத் தாங்கும், மூன்றாவது மிதிக்குப் பெடல் பாறையாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

இதை லியோனிடம் நான் சொல்லவில்லை. மறந்திருப்பேன் என்று நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள். மறக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். இறக்கத்தில் அணைக்கிற பழக்கமே இல்லாத டாக்டரிடம், அவர் கேட்காமலே, இரண்டு தடவை சொன்னேன்.

லியோன் கேட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “எறக்கத்துல எஞ்சின அணைச்சுக்கிடலாம்லா, ஐயரே?” என்று கேட்டார். நான், “தாராளமா. உங்க வண்டி, உங்க இஷ்டம்” என்றேன்.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. முந்தாநாள் நீங்களே கேட்டீர்களே, “வைத்தி சார், கொக்கிரகுளம் பாலத்து இறக்கத்துல நீரு மொபெட்ட அணைக்க மாட்டீரா?” என்று. அணைப்பேன். தினமும் அணைப்பேன். ஆனால் அது வேறு. நான் சொகுசுக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. பெரிய காரில் போகிறவன் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. கேட்டதால்தான் அந்தப் பதில்.

அதோடு விட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. உவரிப் பக்கத்தில் மலையா இருக்கிறது? கடலும் தேரி என்கிற செம்மணல் மேடுகளும்தான். அவர் அணைத்து அணைத்து, நாளடைவில் தானே தெரிந்துகொண்டிருப்பார். ஏறக்குறைய தெரிந்துகொண்டும்விட்டார்.

அடுத்த வாரம் ஷோரூமுக்கு ஒரு போன் வந்தது. “அங்கிள், நான் ஜாய்சி பேசுதேன், உவரியில இருந்து. அப்பா தேரி எறக்கத்துல எஞ்சின அணைச்சிட்டு வருதாவ. ரெண்டு தடவ மிதிச்சதும் பிரேக் கல்லு மாதிரி ஆயிருதாம். அம்மா பயப்படுதா. ஒண்ணும் ஆவாதுல்லா?”

கெட்டிக்காரப் பெண். படித்த டிரைவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். நான், “புது வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும். ஓட ஓட இளகிடும்” என்றேன்.

“அப்பாடா. ஐயருட்ட கேட்டுச் சொல்லு, அவிய சொன்னா எனக்குப் போதும்னு அப்பா சொன்னாவ.”

பிறகு அவளே பேச்சை வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் எங்காவது தூரமாகப் போக வேண்டுமாம், கன்னியாகுமரி போகலாமா என்று யோசிக்கிறார்களாம். கன்னியாகுமரிக்குப் போகிற வழி ஏறக்குறைய சமதளம். நான்தான் சொன்னேன், “கடலைத்தான் தினமும் பார்க்கறேளே. மலைக்குப் போங்கோ. பாபநாசம் தாண்டிக் காரையாறு அணை. அம்மாவுக்கும் குளிர்ச்சியா இருக்கும்.” அவள் சந்தோஷப்பட்டு நன்றி சொன்னாள்.

என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னீரா என்று கேட்பீர்கள். அந்த மலைப்பாதையில் எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். இறங்கும்போது அவர் சாவியைத் திருப்புவார் என்பதும் தெரியும். இருந்தாலும் கொலை என்ற வார்த்தையை நான் அப்போது நினைக்கவில்லை. பரீட்சை என்றுதான் நினைத்தேன். கம்பெனிக்கு ஒரு பரீட்சை. கார் கெட்ட பெயர் வாங்கும், அண்ணாச்சி மறுபடி தீப்பெட்டி விற்கப் போவார், உலகம் ஒழுங்காகிவிடும்.

முடிவு என்னவென்று பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே, இறங்கும்போது, வண்டி பள்ளத்தில் உருண்டது. லியோன் ஸ்டியரிங்கில் மோதி அங்கேயே போய்விட்டார். பின் சீட்டில் இருந்த தெரசாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, பெண்ணுக்கு நெற்றியில் காயம். அவ்வளவு ஆழத்தில் உருண்டும் பின்பக்கம் நசுங்கவில்லை. ஊரெல்லாம் அதுதான் பேச்சு. “அம்பாசடரா இருந்தா மூணு பொணம் வே, என்னா காரு பாரு” என்று வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் என் காதுபடப் பேசினார்கள். அந்த வாரமே கங்கைகொண்டானில் ஆலை வைத்திருக்கிறவர் ஒருவர் ஒரு வண்டிக்குச் சொல்லிவிட்டுப் போனார். வள்ளியூர் அரிசி ஆலைக்காரர் இன்னொன்று. அண்ணாச்சி லட்டு வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. ஒரு மனிதன் செத்துப்போன காரை வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்றால் இந்த ஜனங்களை என்ன செய்வது?

பத்து நாளைக்கு முன்னால் ஜாய்சி ஷோரூமுக்கு வந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி, கறுப்புச் சுடிதார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. “அங்கிள், அன்னைக்கு நான் போன்ல ஒழுங்காக் கேக்கலையோ? எஞ்சின அணைச்சிருக்கும்போதுதான் அப்படி ஆவுதுன்னு சொல்லாம விட்டுட்டேனோ? அம்மா எங்கூடப் பேச மாட்டுக்கா. நாந்தான் அப்பாட்ட ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்” என்றாள். அழுகை இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு போக வந்தவளைப் போலத்தான் நின்றாள்.

அவள் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஆமாம்மா. நீ அதைச் சொல்லலை. சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, ஒரு ஆட்டோக்காரன் அவளைத் திட்டினான்.

நேற்று அவள் இங்கே வந்து, “அப்பாவக் கொன்னது நாந்தான், என்னப் பிடிச்சுக்கிடுங்க” என்று உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினீர்களாம். ஆனாலும் ஊரில் அவள் பெயர்தான் அடிபடுகிறது. மகள் சொன்ன யோசனையால் தகப்பன் செத்தான் என்று உவரியில் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, சார். அந்தப் பெண்ணுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? பிரேக்குக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியுமா? எந்த வளைவில் மூன்றாவது மிதி வரும் என்று தெரியுமா? இந்த ஜில்லாவிலேயே அதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன். உவரி லியோனைக் கொன்றது நான். வேறு யாரும் அதற்கு உரிமை கொண்டாடக் கூடாது.

நானாக வந்ததற்குக் காரணம் கேட்கிறீர்கள். தகப்பனில்லாத பெண், பழியைச் சுமக்கிறாளே என்று இரக்கப்பட்டு வந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.