மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த லிஃப்ட் நல்ல லிஃப்ட். ஒரு நாளும் தானாக நின்றதில்லை. செய்தியில் ‘பழுதடைந்த லிஃப்ட்’ என்று போட்டிருக்கிறார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எண்ணெய் போட்டு, துடைத்து, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவன் நான். அதன்மேல் பழி போடாதீர்கள். நிறுத்தியது நான்தான்.

உங்கள் போன் அதிர்கிறது. பாருங்கள், பரவாயில்லை. நான் எங்கே போய்விடப் போகிறேன்.

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட், கேமரா, தண்ணீர் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. கீழ்த்தளத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறை. அதில் கேமராத் திரை, லிஃப்ட்டை நிறுத்துகிற விசை, உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேச ஓர் இன்டர்காம். யாரும் மாட்டிக்கொள்ளாததால் அது தூசி படிந்து கிடந்தது. நானும் மனைவியும் குடியிருந்தது மொட்டைமாடி அறையில். அவள் தையல் வேலை செய்கிறவள்.

நாள் முழுக்க நான் திரையில் பார்த்ததெல்லாம் உச்சந்தலைகளைத்தான். முகமே தெரியாது. ஏறுவார்கள், போனைப் பார்த்துக் குனிவார்கள், குனிந்தபடியே இறங்குவார்கள். யாருக்கு எந்த இடத்தில் வழுக்கை விழுகிறது என்பது அவரவர் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் விசையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கவனிக்காமல் நிறுத்திவிட்டேன். உள்ளே ஆறாம் மாடி ஆடிட்டரும் அவர் மனைவி பல் டாக்டரும் இருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மெசேஜ் போட்டுக்கொள்கிற தம்பதி. லிஃப்ட் நின்ற இடம் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே. அங்கே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. இருவரும் போனை மேலே தூக்கிப் பார்த்தார்கள், மூலையில் காட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் பைக்குள் போட்டார்கள். பிறகு டாக்டரம்மா கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தப் பக்கம் உங்களுக்கு எப்ப நரைச்சுது?”

“ரெண்டு வருஷமாச்சே.”

“சொல்லவே இல்ல?”

“நரைச்சதை என்னன்னு சொல்றது? மெசேஜா போட முடியும்?”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘பயப்படாதீங்க, இதோ திறக்கறேன்’ என்று சொல்லத்தான் இன்டர்காமைப் போட்டிருந்தேன். அந்தச் சிரிப்பை எப்படி வெட்டுவது? நீங்களாக இருந்தாலும் கை வந்திருக்காது. ஹெட்போனை எடுத்து அதில் செருகி மாட்டிக்கொண்டு கேட்டேன்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். ஒரு அப்பாவையும் மகளையும் நிறுத்தினேன். “காலேஜ் எல்லாம் எப்படிம்மா போகுது?” என்று கேட்டார் அவர். “நான் வேலைக்குப் போயிட்டிருக்கேன்பா” என்றது அந்தப் பெண். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை ஒருவர் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்த செயலாளரையும் பழைய செயலாளரையும் சேர்த்து நிறுத்தினேன். நேரில் பார்த்ததும் “வாங்க சார், சௌக்கியமா?” என்று குழைந்தார்கள். வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும் மறுபடியும் கிழித்துக்கொண்டார்கள். பாதிப் பேச்சிலேயே திறந்துவிட்டது என் தப்பு. இன்னும் கொஞ்சம் விட்டுவைத்திருந்தால் சம்பந்தியே ஆகியிருப்பார்கள்.

‘லிஃப்ட் அடிக்கடி நிக்குதே’ என்று கேட்பார்கள். ‘பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்’ என்பேன். பொய்யே சொன்னதில்லை.

போகப் போக வேலை கைவந்தது. மின்விசிறியை நிறுத்தினால் மேல்பூச்சுப் பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். விளக்கை அணைத்தால் குரல் தாழும், தாழ்ந்த குரலில்தான் உண்மை வரும். ஏழாம் மாடிப் பெரியவருக்கு மூச்சிளைப்பு உண்டு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் அவர் உள்ளே இருந்தபோது விசிறியில் கை வைக்காமல் விளக்கை மட்டும் அணைத்தேன். ஈவிரக்கம் இல்லாதவனில்லை நான். எல்லாவற்றையும் ஒரு சேவையாகத்தான் செய்தேன், இதற்காகச் சம்பளம்கூடக் கூட்டிக் கேட்கவில்லை.

மறுபடியும் உங்கள் போன். வீட்டிலிருந்தா? எடுத்துப் பேசிவிடுங்கள் ஐயா, பாவம்.

என் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். தினமும் மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே வருவாள். நான் ஹெட்போனோடு சாப்பிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்வாள்.

“நான் சொன்னது காதுல விழுந்துச்சா?”

“ம்.”

“என்ன சொன்னேன்?”

“ம்.”

கொஞ்ச நாளில் அவள் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். நானும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரே பேச மறந்துபோன காலத்தில் அத்தனை பேரையும் பேசவைக்கிற வேலை, ஒருவன் எத்தனை பக்கம்தான் காது கொடுப்பான்?

அன்று மத்தியானம் திரையில் அவளைப் பார்த்தேன். கையில் பெரிய பெட்டி. தையல் மெஷினின் தலைப்பாகத்தையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஐந்தாம் மாடியில் டீச்சரம்மா ஏறினார். விசை என் கைக்குத் தானாக வந்தது.

என் முழங்கைக்குப் பக்கத்தில் அவசர மணி அடித்தது. “என்னங்க, இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுடுச்சு” என்றாள். யோசித்துப் பாருங்கள். நான் பதில் சொன்னால் என்னிடம் பேசுவாள். சொல்லாவிட்டால் என்னைப் பற்றிப் பேசுவாள். நான் பேசாமல் இருந்தேன்.

“விடுங்க டீச்சர், அவர் இருக்க மாட்டார். இருந்தாலும் இருக்க மாட்டார்” என்றாள்.

பிறகு பேசினாள். அடேயப்பா, என்ன பேச்சு ஐயா அது. மகன் வீட்டுக்குப் போகிறாளாம், திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். கல்யாணமான புதிதில் நான் தினமும் சாயங்காலம் கட்டடத்துக் கதையெல்லாம் நடித்துக்காட்டுவேனாம். சிரித்த சிரிப்பில் அவள் ஒருமுறை சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டாளாம். “அவர் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு டீச்சர்” என்றாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு அன்பாக யாரும் பேசியதில்லை. போனை எடுத்துப் பதிவு செய்துகொண்டேன்.

அந்த நிலையில் நான் எப்படித் திறப்பேன்? திறந்தால் போய்விடுவாள். அதோடு அவள் இன்னும் முடிக்கவில்லை. பேச்சு தளரும்போது விசிறியை நிறுத்தினேன், அப்புறம் விளக்கை. டீச்சரம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதே உள்ளே பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. பேசாமல் இருந்தால் இதெல்லாம் எப்படித் தெரியவரும்? அவர் மயங்கி விழுந்த பிறகு என் மனைவி கத்தினாள், கதவைத் தட்டினாள். குரல் உடைந்து இரைச்சலாகிவிட்டதால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

குடியிருப்பில் மற்றவர்களைப் பற்றிக் கேட்கிறீர்களா? பொழுது சாயும்வரை குழுவில் ‘லிஃப்ட் ஓடவில்லை’ என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். கோப முகமெல்லாம் போட்டார்கள். அந்தத் தட்டல் சத்தத்தைத் தாண்டித்தான் படியேறினார்கள், காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கு அவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. கடைசியில் ஆடிட்டருடைய போனில் சார்ஜ் தீர்ந்துபோய், அவர்தான் சத்தத்தைக் கேட்டுத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தார். அவர்கள் என் அறைக் கதவை உடைத்து வந்தபோது, “ஒரு நிமிஷம், அவ முடிச்சுடட்டும்” என்று நான் சொன்னது உண்மைதான். டீச்சரம்மா பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனுஷி, நன்றாகக் கேட்பார்.

ஆமாம் ஐயா, இத்தனையும் தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். இன்று காலை என் மனைவி என்னைப் பார்க்க வந்திருந்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். என்னோடு வாழப் போகிறாளா, மகனோடு போகப் போகிறாளா என்பதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்ததாக உங்கள் காவலர் சொன்னார். ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் அழுதாள், என் கையைக்கூடப் பிடித்தாள். நானும் அங்கங்கே ‘ம்’ போட்டேன். ஆனால் நேரில் பேசினால் என்ன தெளிவாகக் கேட்கிறது சொல்லுங்கள். லிஃப்ட்டில் அவள் பேசியது என் போனில் இருக்கிறது. அந்தப் போனையும் ஹெட்போனையும் கொஞ்சம் கொடுத்தீர்கள் என்றால், என் மனைவி என்னதான் சொல்ல வந்தாள் என்று நிம்மதியாகக் கேட்டுக்கொள்வேன்.