ஒரு மயிரிழை கீழே

உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்து நாற்காலி சுகமாக இருக்கிறது. மேடையில் எங்களுக்கு இப்படி யாரும் போடுவதில்லை.

பழைய பதிவுகளை ஒவ்வொரு மைக்காகப் பிரித்துக் கேட்டேன் என்கிறீர்கள். என் தங்கையின் வயலின் தானாக எங்குமே சுருதி பிசகவில்லை, ஒவ்வொரு முறையும் முதலில் பிசகியது பக்கத்திலிருந்த இரண்டாவது வயலின்தான் என்கிறீர்கள். ஆமாம், அது என் விரல். தவறி விழுந்ததல்ல, வைத்ததுதான்.

மேற்கத்திய இசை வாசிக்கும் எங்கள் நால்வர் குழு ஒரே குடும்பம். முதல் வயலின் தங்கை, இரண்டாவது நான். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா அவள் கணவர், தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ என் கணவர். எங்களுக்கு முன்னால் நின்று கை காட்ட யாரும் கிடையாது. முதல் வயலின் மூச்சிழுத்து வில்லைத் தூக்கும்போது செல்லோக்காரர் அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் ஒன்றாகத் தொடங்க முடியும். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என் எதிரிலேயே என் தங்கையை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒத்திகையில் அவளிடம் சொன்னார்: "நீ கண்ணைக் காட்டலேன்னா என் வில்லே எழும்பாதும்மா."

"அப்போ அக்கா?"

"உங்க அக்காவா? அவ எங்க போயிடப் போறா? பின்னாலேயே வந்து சேந்துடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

அந்த வாரமே ஆரம்பித்தேன். நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது நடுச்சுரம் என்னுடையது. அதை ஒரு மயிரிழை கீழே வைத்தால் மேல்சுரம் வாசிக்கும் தங்கை சுருதியை ஏற்றி வாசிப்பதுபோலத்தான் கேட்கும். நடுவில் இருப்பவளை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவள் என்னோடு சேர இறங்கி வருவாள். அதற்குள் நான் சரியான இடத்துக்குத் திரும்பியிருப்பேன், பிசகி நிற்பது அவளாக இருக்கும். எனக்கு நல்ல காது. சின்ன வயதிலிருந்தே எங்கள் இருவருக்கும் நல்ல காது.

"அக்கா, உண்மையச் சொல்லு. நான் பிசகுறேனா?"

"கொஞ்சம் ஏறுதுடி, அவ்வளவுதான். தூக்கம் பத்தலையா?"

தனியாக வாசித்தால் சரியாக இருந்தது, எங்களோடு உட்கார்ந்தால் பிசகியது. காது மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். குறையே இல்லை என்றார் அவர். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காதுல கோளாறுன்னா மருந்து இருக்கும்க்கா. காது நல்லாதான் இருக்குன்னா, கெட்டுப்போனது நான்தானே?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. மறுநாள் ஒத்திகையில் விரலை மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

ஒரு கச்சேரியில் பாதியில் வில்லை மடியில் வைத்துவிட்டாள். அதோடு வாசிப்பதை விட்டாள். இப்போது அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அது அழுதால் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடக்கிறாள். பாட மாட்டாளாம், தப்பான சுரம் குழந்தையின் காதில் விழுந்துவிடுமாம். தாலாட்டுவதற்கு என்னைத்தான் கூப்பிடுகிறாள். நானும் போகிறேன். நான் பாடும்போது வாசலில் நின்று, "நீ எவ்வளவு சுத்தமா பாடுறே அக்கா" என்கிறாள்.

அவள் நாற்காலியில் இப்போது நான். வில்லைத் தூக்கும்போது என் கணவர் என் கண்ணைப் பார்க்கிறார். எப்போது தொடங்குவேன் என்று பார்க்கிறார். தொடங்கியதும் பார்வை இசைத்தாளுக்குப் போய்விடுகிறது. எவ்வளவு தேடியும் அதில் வேறொன்றும் கிடைக்கவில்லை.

தங்கையைப் பார்த்தபோதும் இவ்வளவுதான் இருந்திருக்கும் என்கிறீர்களா? இல்லை. அப்போது வேறு இருந்தது. கட்டாயம் இருந்தது. இல்லாவிட்டால் நான் எதற்காக இதைச் செய்திருக்கப்போகிறேன்?