பொங்கியண்ணன் சொன்ன செரிங்க

— செரிங்க.

— பாத்தீங்களாங்கப்பா! மறுக்காவும் செரிங்க. பேசி வெச்சபடி உங்க தட்டுல இருந்து இன்னொரு வர்க்கி பிஸ்கட்ட எடுத்துப்போட்டேன்.

— அட கெரகமே. நான் எங்க கண்ணு சொன்னேன்?

— இப்பத்தானுங்கப்பா சொன்னீங்க. நான் அந்த விசா ஆபீசு அம்மாவாட்டம் என்ன கேட்டேன்? 'ஐயா, உங்கட மகள் படிப்பு முடிய அங்கேயே நிக்கப் போறாவோ?' அதுக்கு நீங்க செரிங்கன்னீங்க. அப்ப என்ன அர்த்தமாச்சு? ஆமாங்க, என்ற புள்ள திரும்பி வராது, அங்கயே இருந்துக்கும்னு அர்த்தமாச்சு.

— அது கேட்டுக்கிட்டு இருக்கறேன்னு சொல்றதுக்குச் சொல்றதம்மணி. எதிரால ஒருத்தரு பேசறப்ப வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா மருவாதியா இருக்குமா? டீக்கடைக்காரரு டம்ளர வெச்சுட்டுப் போனா செரிங்க. இன்னிக்கு நாள் பூரா கரண்டு இல்லீங்கன்னு ஈபிக்காரரு சொன்னா அதுக்கும் செரிங்க. எழவுச் சேதி வந்தாக்கூட நம்மூர்ல மொதல்ல செரிங்கதான் வரும், அப்பறந்தான் அழுகை.

— நம்மூர்லதானுங்கப்பா அப்பிடி. ஃபோன்ல கூப்பிட்ட அம்மா இலங்கைத் தமிழ். ஆஸ்திரேலியா விசா ஆபீசுக்கு மொழிபெயர்த்துக் குடுக்கறவங்க. அவங்களுக்கு சரின்னா சரிதான். அப்பிடியே எழுதி அனுப்பிச்சுட்டாங்க. 'திரும்பி வரும் எண்ணமில்லைன்னு தகப்பனாரே சொல்றாரு'ன்னு சொல்லி விசா இல்லீன்னுட்டாங்க. ஆறு மாசம் போச்சு.

— அந்தம்மா பேசறதுல பாதி எனக்கு வெளங்கலியே. நான் தறிக்குடோன்ல நிக்கறேன், பன்னண்டு தறியும் ஓடுது. 'நிக்கப் போறாவோ'ன்னாங்க. நின்னுக்கிட்டுப் படிச்சா என்ன, உக்காந்துக்கிட்டுப் படிச்சா என்ன, புள்ள எப்பிடியோ படிச்சாப் போதும்னு செரிங்கன்னுபோட்டேன்.

— சிரிப்பு மூட்டாதீங்கப்பா. நிக்கறதுன்னா அவங்க பேச்சுல தங்கறது. படிப்பு முடியன்னா முடிஞ்சதுக்கப்பறம்.

— அத அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் அப்பிடிச் சொல்றேன்? எனக்கென்ன, கருமத்தம்பட்டில பொறந்து கருமத்தம்பட்டில தறி ஓட்டறவன். இதுக்குத்தான் விசா ஃபாரத்துல அன்னூர்ல இருக்கற உங்க கதிரேசன் மாமன் பேரப் போடலாம்னேன். மாமன் இங்கிலீசுலயே வெளுத்துக் கட்டுவாரு. செலவு நான் பண்றேன், பேசறத அவரு பேசட்டும்.

— மாமா வேண்டாமுங்கப்பா. நீங்கதான் பேசோணும்.

— துடியலூர்க் கன்சல்ட்டன்சில அந்தப் பையன் கிஷன் கூட அதத்தானே சொன்னான்?

— சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்.

— புடிவாதம். உங்கம்மாவாட்டமே.

— அம்மாவ இழுக்காதீங்க. அவங்க இருந்தா குறுக்க குறுக்கப் பேசுவாங்கன்னுதான் அன்னூர் வளைகாப்புக்கு மொத பஸ்ல ஏத்தி உட்டிருக்கறேன். பதினோரு மணிக்கு விசா ஆபீசுல இருந்து மறுக்காக் கூப்பிடுவாங்க. இப்ப மணி பத்தரை. தறி எல்லாத்தையும் நிறுத்திட்டீங்களா?

— பன்னண்டையும் நிறுத்தியாச்சு. காதுக்குள்ள ஙொய்ங்குது. கேளு.

— 'ஐயா, உங்கட மகள் அங்க என்ன படிக்கப் போறா?'

— தண்ணி படிக்கப் போவுதுங்க.

— தண்ணி படிக்கறதாங்கப்பா? சாயக்கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ற எஞ்சினியரிங். ரெண்டு வருசம். சொல்லுங்க.

— சாயக்கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ற எஞ்சினியரிங் படிக்கப் போவுதுங்க. ரெண்டு வருசமுங்க. நல்லாப் படிக்கற புள்ளைங்க. சொன்ன பேச்சு மட்டும் கேக்காதுங்க.

— அப்பா!

— செரி செரி.

— ரெண்டு செரி. ரெண்டு வர்க்கி.

— அடப் பாவமே, 'ங்க' போடாததுக்குமா?

— எதுக்குமேதான். அடுத்த கேள்வி. 'உங்களுக்கு வேற பிள்ளையள் இருக்கினமோ?'

— ஒரு பையனுங்க. மிதுன்னு பேரு. கனடாவுல இருக்கறானுங்க.

— 'எத்தனை வருசமா?'

— ஏழு வருசமுங்க. அவனும் ரெண்டு வருசப் படிப்புன்னுதானுங்க போனான். படிச்சு முடிச்ச அன்னிக்கே பொட்டியத் தூக்கிக்கிட்டு வாரேனுங்கப்பான்னு பீளமேட்டு ஏர்போர்ட்டுல நின்னு சொன்னானுங்க. நான் செரின்னேன்.

— இதெல்லாம் ஃபோன்ல சொல்ல வேண்டாமுங்கப்பா.

— அப்பறம் அங்கயே வேல கெடச்சிருச்சுன்னான். செரின்னேன். வீடு வாங்கறேன்னான், அதுக்கும் செரி. கூட வேல பாக்கற புள்ளயக் கட்டிக்கிட்டேனுங்கப்பான்னு ஃபோட்டோ அனுப்பிச்சான். உங்கம்மா மூணு நாளு சோறு திங்கல. நான் அதுக்கும் செரிதான் சொன்னேன். வேறென்னத்தச் சொல்றது?

— அப்பா.

— ஒரே ஒரு வர்க்கிதான் மிச்சமிருக்குது. அதையும் எடுத்துக்க.

— வர்க்கி கெடக்கட்டும். உங்கள ஒண்ணு கேக்கட்டுங்களா? போன ஆடில உங்ககிட்ட வந்து, நான் ஆஸ்திரேலியா போயிப் படிக்கறேனுங்கப்பான்னு சொன்னேன். நீங்க தறில அந்து போன நூலக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்காம செரின்னீங்க.

— ம்.

— அது எந்தச் செரி? சம்மதம்னு சொன்னதா, கேட்டுக்கிட்டு இருக்கறேன்னு சொன்னதா?

— இத அந்தம்மா கேப்பாங்களா?

— இது நான் கேக்கறதுங்கப்பா.

— நெசத்தச் சொல்லட்டுமா?

— சொல்லுங்க.

— கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் கண்ணு.

— அப்ப உங்களுக்குச் சம்மதமில்லீங்களா? நான் இதத் தெரியாம சர்ட்டிபிகேட்டத் தூக்கிக்கிட்டு ஒரு வருசமா அலைஞ்சுக்கிட்டு இருக்கறேனுங்களா?

— சம்மதமில்லீன்னு யாரு சொன்னா? படிக்காதேன்னு சொல்ற அப்பன் நானில்ல. போன்னு சொல்றதுக்குத்தான் வாய் வரல. ஒருத்தனப் போன்னு சொல்லிப்போட்டு ஏழு வருசமா அந்த ஏர்போர்ட்டு ரோட்டுல போறப்பெல்லாம் மொகத்தத் திருப்பிக்கிட்டு வண்டி ஓட்டறவன் நான். உனக்குத் தெரியாது.

— நான் மிதுன் அண்ணன் இல்லீங்கப்பா.

— அவன் நல்ல பையன் லோகு. அவன் எங்கிட்டப் பொய் சொல்லல. வாரேன்னு நெசமாத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பயமே. பொய் சொல்றவனாயிருந்தா நான் அப்பவே உசாராயிருப்பேன்.

— அப்ப எங்கிட்டக் கேளுங்க. அண்ணங்கிட்டக் கேக்காதத எல்லாம் கேளுங்க.

— என்னத்தக் கேக்கறது?

— வருவியான்னு கேளுங்க.

— வருவியா கண்ணு?

— வருவேனுங்கப்பா. சத்தியம் கித்தியம் பண்ணலீங்க, கணக்கப் போட்டுப் பாருங்க. நான் படிக்கப் போறது சாயத்தண்ணியச் சுத்தம் பண்றதுக்கு. சாயத்தண்ணி அங்கயா ஓடுது? நம்ம பெரியம்மா தோட்டத்துக் கெணத்துலதானே கெடக்குது! போன வருசம் அந்தத் தண்ணியக் குடிச்சுப்போட்டுத்தானே நம்ம செவலை மாடு படுத்த படுக்கையாச்சு? அங்க போயி உக்காந்துக்கிட்டு நான் எந்தக் கெணத்தச் சுத்தம் பண்றது?

— அதுஞ் செரிதான்.

— இது கேட்டுக்கிட்டு இருக்கறதுக்கா, ஒத்துக்கிட்டதுக்கா?

— ஒத்துக்கிட்டதுக்கு.

— அப்ப வர்க்கி தப்பிச்சுது. ஐயோ, அப்பா, ஃபோனு! வெளிநாட்டு நம்பரு! ஸ்பீக்கர்ல போடுங்க, பச்சையத் தொடுங்க, பச்சைய!

— ஹலோ, பொங்கியண்ணனுங்க.

— வணக்கம் ஐயா. போன முறையும் நான்தான் உங்களோட கதைச்சனான். லோகப்பிரியாவின்ர விசா விசயமா எடுக்கிறன். நான் தமிழில கேட்டு, நீங்கள் சொல்றதை அப்படியே மாத்தி எழுதிக் குடுப்பன். விளங்குதோ?

— செ... வெளங்குதுங்க. நல்லாவே வெளங்குதுங்க.

— மகளின்ர படிப்புக்கு நீங்கள்தானே காசு கட்டுறியள்?

— நான்தானுங்க. பன்னண்டு தறி ஓடுதுங்க. பேங்குக் காயிதமெல்லாம் குடுத்திருக்கறோமுங்க.

— மகள் என்ன படிக்கப் போறா எண்டு தெரியுமோ?

— சாயக்கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ற எஞ்சினியரிங்குங்க. ரெண்டு வருசமுங்க.

— ஐயா, குறை நினைக்காதேங்கோ, இதை நான் கேக்கத்தான் வேணும். உங்கட மகனும் படிக்க எண்டு கனடா போனவர். ஏழு வருசமாத் திரும்பி வரேல்லை. மகள் மட்டும் வருவா எண்டு என்னெண்டு சொல்றியள்? ... ஐயா? லைனில நிக்கிறியளோ?

— நிக்கறேனுங்க. சொல்றேனுங்க. பையன் போறப்ப நான் அவனக் கேக்கலீங்க. எதுக்குப் போறேன்னும் கேக்கல, வருவியான்னும் கேக்கல. அப்பன் கேட்டா மனசு சங்கடப்படுவானோன்னு உட்டுப்போட்டேனுங்க. அது என்ற தப்புங்க. இந்தப் புள்ளகிட்டக் கேட்டேனுங்க. இப்பத்தான், நீங்க கூப்பிடறதுக்குச் சித்தெ முன்னாலதான் கேட்டேன். எங்க ஒறம்பரை, புள்ளயோட பெரியம்மா தோட்டத்துக் கெணறு சாயமேறிக் கெடக்குதுங்க. அதச் சுத்தம் பண்றதுக்குத்தான் படிக்கப் போவுதுங்க. கெணறு இங்கதானுங்க இருக்குது. புள்ள வந்துதானுங்களே ஆகோணும்.

— அப்ப படிப்பு முடிய அவ அங்கேயே நிக்க மாட்டா எண்டுறியள்.

— நிக்காதுங்க. வந்துருமுங்க. அப்பிடியே எழுதிக்குங்க.

— கடைசியா ஒண்டு, ஐயா. மகள் போறதில உங்களுக்கு முழுச் சம்மதமோ?

— சம்மதமுங்க. மனசறிஞ்சு சொல்றேனுங்க. போயிப் படிச்சுப்போட்டு வரட்டுமுங்க.

— நல்லது. எல்லாம் எழுதியிட்டன். மகளுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ. வைக்கட்டோ?

— ஏனுங்க அம்மா, ஒரு நிமிசமுங்க. எப்பவாச்சும் கோயமுத்தூர்ப் பக்கம் வந்தீங்கன்னா ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணுமுங்க.

— கட்டாயம் ஐயா. நன்றி.

— அப்பா! ஒரு செரிங்க வரலீங்கப்பா! மொதல்ல ஒண்ணு எட்டிப் பாத்துச்சு, எனக்கு உசுரே போயிருச்சு. அத அப்பிடியே முழுங்கிப்போட்டீங்க பாருங்க! இந்தாங்க, எடுத்த வர்க்கி அத்தனையும் உங்களுக்கே. நிக்கறது, முடியறது எல்லாம் எப்பிடி வெளங்கிக்கிட்டீங்க! இவ்வளவு பதுவுசாப் பேசறவரு அன்னிக்கு மட்டும் எப்பிடீங்கப்பா...

— லோகு, வர்க்கிய வெச்சுட்டு இப்பிடி உக்காரு.

— என்னங்கப்பா?

— அன்னிக்குத் தறிச் சத்தமெல்லாம் இல்ல கண்ணு. ஃபோன எடுத்துக்கிட்டு ரோட்டுக்கே வந்துட்டேன். அந்தம்மா கேட்டது எனக்கு நல்லா வெளங்குச்சு. திரும்பி வராதுன்னு தெரிஞ்சா விசா குடுக்க மாட்டாங்கன்னு கிஷன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தான். வெளங்கித்தான் செரிங்கன்னேன். உன்ற மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. அந்தம்மாவ உட்டுச் சொல்ல வெச்சுட்டேன். தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி. திட்டோணும்னா திட்டிப்போடு.

— தெரியுமுங்கப்பா.

— என்னது தெரியும்?

— அன்னிக்குப் பேசுனத எழுதி, விசா இல்லீங்கற லெட்டரோட சேத்து அனுப்பியிருந்தாங்க. உங்களுக்கு வெளங்கலியோன்னு அந்தம்மா அதே கேள்விய மாத்தி மாத்தி மூணு தடவ கேட்டிருக்காங்க. அங்கயே நிப்பாவோன்னு ஒருக்கா, அங்கயே தங்கிருவாங்களான்னு ஒருக்கா, திரும்பி ஊருக்கு வர மாட்டாங்களான்னு ஒருக்கா. மூணுக்கும் நீங்க செரிங்கன்னுதான் சொல்லியிருக்கறீங்க.

— ஆறு மாசமாத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா என்ற எதிரால உக்காந்து சோறு திங்கறே?

— ஆமாங்கப்பா.

— தெரிஞ்சுமா கண்ணு மறுக்காவும் என்ற பேரையே எழுதிக் குடுத்தே? கதிரேசன் மாமன் பேரப் போட்டிருந்தா இந்நேரம் போயிச் சேந்திருப்பியே!

— மாமா பேசியிருந்தா விசா வந்திருக்குமுங்கப்பா. நீங்க அனுப்பாம நான் எப்பிடிப் போவேன்?