எண்ணெய் டின்னுக்கு ஒரு மன்னிப்பு

இல்லக்கா, டின்ன நானே சமையக்கட்டுல வெச்சிடறேன். கனம், உங்களால ஆகாது. அக்கான்னு கூப்பிடலாம்ல? கடையிலன்னா மேடம்னுதான் சொல்லணும். இது வீடுதானே.

பணமா? அதெல்லாம் வேணாம். வெலையில தகராறு வந்துட்டா, பொருள எடுத்துக்கிட்டு கஸ்டமர் வீட்டுக்கே போய் மன்னிப்பு கேக்கறது எங்க கடை வழக்கம். டெலிவரி பண்றவனுக்குத்தானே வீடு தெரியும்னு அந்த வேலையும் என் தலையில கட்டிட்டாங்க. திட்டு வாங்கி வாங்கி மரத்துப் போச்சு போங்க.

கொஞ்சம் உக்காந்துக்கறேன், படியேறினதுல மூச்சு வாங்குது. கதவா? காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான்தான் தாழ் போட்டேன். சார் இப்போதைக்கு வர மாட்டாருல்ல? அவர் வண்டி தெருமுனை திரும்பினப்புறந்தான் நான் மேலயே வந்தேன். போன் கெடக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்.

அன்னைக்கு உங்க கோவத்த நான் தப்பு சொல்லல. ரேக்குல ஒரு வெல, பில்லுல ஒரு வெலன்னா யாருக்குத்தான் வராது? போட்டோ வேற எடுத்து வெச்சிருந்தீங்க. பில் போடற பொண்ணு சொல்லிச்சு, மேடம், இது சின்ன டின்னோட லேபிளு, யாரோ மாத்தி சொருகிட்டாங்கன்னு. நீங்க காதுலயே போட்டுக்கல. மிச்சத்த நீதாண்டி அமுக்கறேன்னீங்க. திருடின்னீங்க. க்யூ மொத்தமும் அவளைத்தான் பாத்துச்சு. பைய கொட்டிக் காட்டச் சொன்னீங்க, கொட்டினா. ஒரு சீப்பும் சாப்பாட்டு டப்பாவும் விழுந்துச்சு. டப்பாவயும் தெறன்னீங்க.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. ரொம்ப வேர்க்குதே, ஃபேன கூட்டி வைக்கவா?

விஷயம் என்னன்னா, அந்த ரேக்குக்கு நேர் மேல ஒரு கேமரா இருக்கு. நீங்க இந்தப் பக்கம் பாத்தீங்க, அந்தப் பக்கம் பாத்தீங்க, அண்ணாந்து மட்டும் பாக்கல. லேபிள உருவி பெரிய டின்னுக்கு சொருகறீங்க பாருங்க, உங்க மோதிரங்கூட தெளிவா தெரியுது. முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். பாத்தாரு. இதுக்காக கஸ்டமரோட மல்லுக்கு நிக்க முடியுமாடான்னு கம்ப்யூட்டர அணைச்சுட்டாரு. அதுக்குள்ள அந்தப் பொண்ண வேலைய விட்டே நிறுத்தியாச்சு. திருடின்னு பேர் வந்தப்புறம் எந்தக் கடையில சேத்துப்பாங்க? பக்கத்து வீட்டுக்காரங்க அவளக் கண்டா கதவ சாத்தறாங்க. சரியா தூங்கறதில்ல. சொவத்தப் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. எனக்கு வயிறு எரியுதுக்கா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமா? சொல்றேன், இருங்க.

ஐய, அழாதீங்க. நான் உங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன், எனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது. கடையிலேர்ந்து என்னை யாரும் அனுப்பல. இது நானே கைக்காசு போட்டு வாங்கின டின்னு. உள்ள வரணும்ல.

பெல் அடிக்குது பாருங்க. நீங்க இருங்க, நான் தெறக்கறேன். அன்னைக்கு பில் போட்டவதான், என் பொண்டாட்டி. உங்கள ஒருவாட்டி பாக்கணும்னு சொன்னா, வேன்ல கூட்டிட்டு வந்தேன்.

எதுக்குன்னு என்கிட்டயும் சொல்லலக்கா.